வராக் கடனும் ஐந்தொகையும்

செட்டிநாட்டு அங்கத்தினர்களுக்கு வராக் கடன் புதிதன்று. 1930-இல் நெல் விலை வீழவே, கீழ்ப் பர்மாவில் நகரத்தார் கடனுக்கு ஈடாக நிலத்தை ஏற்க நேர்ந்தது. 1938-இல் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால்பங்கு அவர்கள் வசம். 1942-இல் போர் விரட்டியது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பேரேட்டில் தொகை நின்றது, பெட்டிக்கு வரவில்லை.

கண்டாங்கிச் சேலையைக் கடனுக்கு விற்ற பாக்கியும் அவ்வாறே ஆகலாம். ஆதலின் மார்ச் 31-இல் பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்து, ஐயமுள்ளவற்றுக்கு லாப நஷ்டக் கணக்கில் பற்றெழுதி, ஐயக்கடன் ஒதுக்கில் வரவு வைத்தல் வேண்டும். லாபம் குறையுமே என்று தயங்கும் சங்கங்களைக் கண்டிருக்கிறோம். இல்லாத லாபத்திற்குப் பங்காதாயம் கொடுத்தால், நூல் வாங்கும் பணமே கரையும். அறவே வராததை, உரிய அனுமதி பெற்று, ஒதுக்கில் பற்றெழுதிக் கடனாளி கணக்கில் வரவு வைத்து முடிக்கலாம். கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. பின்னர் வசூலானால் அத்தொகை அவ்வாண்டின் வருமானத்தில் சேரும்.