குழாயை எடுத்த பிறகு

மாதம் நிறையுமுன் பிறந்த சிசுவைச் செயற்கைச் சுவாச யந்திரத்திலிருந்து விடுவிக்கும் நாளன்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடமும் பாட்டிமாரிடமும், ‘இதுவரை மூச்சு விட்டது மெஷின்தான்; இனிமேல்தான் குழந்தை விட வேண்டும்’ என்ற எண்ணம் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். பாசத்தில் எழும் அச்சமாதலால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அது உண்மையன்று. இக்காலத்து யந்திரங்களிற் பல, சிசு தானே மூச்சிழுக்கத் தொடங்கும் கணத்தை உணர்ந்து, அம்முயற்சிக்குத் துணையாகவே காற்றைச் செலுத்துகின்றன; அத்துணையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சுயமுயற்சி போதுமென்று கண்ட பின்னரே வைத்தியர் மூச்சுக்குழலில் வைத்த குழாயை எடுக்கிறார்.

‘மெஷினுக்குப் பழகிய குழந்தை அதை விட்டு வராது’ என்பதிலோ பாதி உண்மை உண்டு. நெடுநாள் வேலை குறைந்த உதரவிதானம் தளர்வதும், செலுத்தப்படும் காற்று மெல்லிய நுரையீரலைப் புண்படுத்துவதும் மெய்யே; குழாயைக் கூடிய விரைவில் எடுக்க வைத்தியர் விரும்புவது அதனாலேதான்.

எல்லாவற்றிலும் அதிகமாகப் பெற்றோரை நடுங்கச் செய்வது, மூச்சு நின்று நின்று வருவதாகும். வேகமாகச் சில மூச்சுகள் விட்டு, 5 அல்லது 10 விநாடி ஓய்ந்து, மீண்டும் தொடங்குவது நிறைமாதக் குழந்தைகளிடமுங்கூடக் காணும் இயல்பு. 20 விநாடியோ அதற்கு மேலோ நின்றாலோ, அதற்கு முன்னரே இதயத் துடிப்புத் தாழ்ந்து உடல் நீலம் பாரித்தாலோதான் வைத்தியர் அதை ‘ஆப்னியா’ என்று கொண்டு உடனே கவனிப்பர். அதையும் பிழைக்காதென்பதன் அறிகுறியென்று கருதுவது தவறு. கருப்பையில் பிராணவாயு நஞ்சுக்கொடியின் வழியாகவே வருகிறது. அது குறையும்போது சுவாச அசைவுகளை நிறுத்திச் சக்தியைச் சேமிப்பதே அங்கே உயிர் காக்கும் உபாயம். காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்ட சிசுவின் மூளை அந்தப் பழைய விதியையே இன்னும் கைக்கொண்டிருப்பதால், பிராணவாயு குறைந்தால் நம்மைப்போல் மூச்சைத் தொடர்ந்து துரிதப்படுத்தாமல், சற்றே துரிதப்படுத்திப் பின் தணித்துவிடுகிறது. பெரும்பாலும் உள்ளங்காலை மெல்லத் தேய்த்தாலே மூச்சுத் திரும்பிவிடும். மூளை முதிர முதிர இவ்வழக்கமும் நீங்கிவிடும்.

இதற்காகக் கொடுக்கும் மருந்து காபியிலுள்ள காஃபீன் என்றறிந்து திடுக்கிடுவோர் உண்டு. 2006 சிசுக்களைச் சேர்த்து நடத்தி, 2006ஆம் ஆண்டிலேயே முடிவை வெளியிட்ட சர்வதேச ஆராய்ச்சி ஒன்றில், காஃபீன் பெற்ற சிசுக்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே குழாயை விட்டு வந்தன. நாட்பட்ட நுரையீரல் நோயும் 100க்கு 47 என்பதிலிருந்து 36 ஆகக் குறைந்தது. அளவறிந்து வைத்தியர் தருவது அது. வீட்டுக் காபி அதற்கு ஈடாகாது.

குழாயை எடுத்த கையோடு மூக்கில் வேறொரு கருவியைப் பொருத்தக் கண்டு, ‘மறுபடியும் மெஷினா?’ என்று கலங்குவோர்க்கு ஒரு விளக்கம். நுரையீரலின் காற்றுப்பைகளை விரிந்திருக்கச் செய்யும் ஒருவகைப் பூச்சு குறைமாதச் சிசுக்களிடம் போதாதென்பதை 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் கண்டறிந்தனர். அக்குறையைச் சமாளிக்கவே, சிசு மூச்சு விடும்போது குரல்நாண்களை நெருக்கி முனகி, உள்ளே சிறிது காற்றைத் தேக்கிக்கொள்கிறது. குரல்நாண்களினூடே குழாய் கிடந்தால் முனகவும் இயலாது. அம்முனகல் செய்யும் வேலையையே இடையறாத காற்றழுத்தம் தந்து செய்யும் ‘சிபாப்’ முறையை ஜார்ஜ் கிரெகரியும் அவர் சகாக்களும் 1971இல் வெளியிட்டனர்; இப்போது மூக்கில் பொருத்தும் கருவி தருவதும் அவ்வழுத்தமே. ஆகவே அது பின்னடைவன்று. சில நாளில் மீண்டும் குழாய் வைக்க நேர்ந்தாலுங்கூட, அடுத்த முறை குழாய் வெற்றியாக எடுக்கப்பட்ட சிசுக்கள் எத்தனையோ.

யந்திரத்தில் இருந்தவரை அழுதும் ஓசையெழாத சிசு, குழாய் நீங்கியதும் கரகரத்த குரலில் அழுவது கேட்டு, ‘குரல் போய்விட்டதோ’ என்று தாய் திகைப்பாள். குழாய் உராய்ந்ததனால் குரல்நாண்களில் உண்டான வீக்கமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அது சில நாட்களில் வடிந்துவிடும்.