ஊசி முனையில் ஓர் உண்மை

இரவு நேரத்தில் விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் கடுமையான அரிப்பு ஏற்படும். சொறியச் சொறிய அரிப்பு கூடுமே தவிரக் குறையாது. சில வாரங்களில் அதே வீட்டில் உள்ள மற்றவர்களும் சொறியத் தொடங்குவர். ஸ்கேபீஸ் எனப்படும் சொறிசிரங்கின் இயல்பு இது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் இந்நோய்க்கு உடலுக்குள் இருக்கும் கெட்ட நீரே காரணம் என்று நம்பினர். எனவே, நோயாளிக்குப் பேதி மருந்து கொடுத்தனர். உடலிலிருந்து இரத்தத்தையும் வெளியேற்றினர். நோயாளிகள் வாரக்கணக்கில் அவதியுற்றனர்.

உண்மையான காரணம் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ என்னும் மருத்துவரும் செஸ்தோனி என்னும் மருந்தாளரும், தோலில் வாழும் ஒரு சிறு பூச்சியே சொறிசிரங்கை உண்டாக்குகிறது என்று எழுதினர். ஆனால், அவர்களின் கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1812-இல் பாரிஸ் நகரில் காலே என்பவர் அப்பூச்சியைக் கண்டதாகக் கூறிப் படமும் வெளியிட்டார். பிறர் எவ்வளவோ தேடியும் அது கிடைக்கவில்லை. அவர் காட்டிய படம், பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு பூச்சியை ஒத்திருப்பதைப் பின்னர் ரஸ்பாய் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அதனால், அப்படி ஒரு பூச்சியே இல்லை என்ற எண்ணம் வலுத்தது. அதைக் காட்டும் மாணவருக்கு 300 பிராங்க் தருவதாக லுகோல் என்னும் மருத்துவர் அறைகூவல் விடுத்தார்.

அந்த அறைகூவலுக்கு விடை தந்தவர் ரெனுச்சி என்னும் மருத்துவ மாணவர். அவர் மத்தியதரைக் கடலில் உள்ள கார்சிகா தீவைச் சேர்ந்தவர். அத்தீவின் ஏழைப் பெண்கள், சொறிசிரங்கு கண்டவர்களின் தோலிலிருந்து ஊசியால் பூச்சியை எடுப்பதை அவர் பார்த்திருந்தார். 1834, ஆகஸ்டு 13-ஆம் நாள், பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், மருத்துவர்களின் கண்ணெதிரே நோயாளி ஒருவரின் கையிலிருந்து ஊசி முனையால் ஒரு சிறு வெண்புள்ளியை எடுத்தார். உருப்பெருக்கியின் கீழ் அது எட்டுக்கால் பூச்சியாகத் தெரிந்தது.

மற்றவர்கள் ஏன் தோல்வியுற்றனர்? அவர்கள் நீர்க்கொப்புளத்துக்குள் தேடினர். பூச்சியோ தோலில் மெல்லிய கோடு போன்ற வளை தோண்டி, அதன் மறுமுனையில் பதுங்கியிருந்தது. படிக்காத அந்தப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது.

காரணம் உறுதியானதும் சிகிச்சை முறையும் மாறியது. கெட்ட நீரை வெளியேற்றுவதை விடுத்து, பூச்சியைக் கொல்வதில் மருத்துவர்கள் கவனம் செலுத்தினர். 1850-களில் அதே மருத்துவமனையில், கந்தகக் களிம்பை உடல் முழுவதும் தேய்த்து, சில மணி நேரத்திலேயே சிகிச்சையை முடிக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது.

சொறிசிரங்கு இன்றும் மறையவில்லை. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நெருங்கி வாழும் விடுதிகளில் இது எளிதில் பரவும். இப்போது பெர்மெத்ரின் களிம்பு, ஐவர்மெக்டின் மாத்திரை போன்ற மருந்துகள் உள்ளன. ஆயினும், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே வேளையில் சிகிச்சை பெற வேண்டும். உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நோய் மீண்டும் வரக்கூடும்.

நெடுநேரம் தோலோடு தோல் படுவதால் பரவும் இந்நோய், தூய்மையாக இருப்பவரையும் தொற்றும். எனினும், வெட்கத்தால் பலர் இதை மறைக்கின்றனர். மறைப்பவர் தாமும் துன்புற்று, அருகில் இருப்பவருக்கும் நோயைப் பரப்புகிறார். தயங்காமல் மருத்துவரை நாடுவதே நன்று.

ரெனுச்சி புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. எளிய மக்களின் அனுபவ அறிவை அவர் மதித்தார். அதைப் பலர் முன்னிலையில் மெய்ப்பித்தும் காட்டினார். அதனால், தவறான சிகிச்சையில் துன்புற்ற நோயாளிகளுக்கு விடிவு பிறந்தது.