மாற்றுறுப்புப் பெற்றோரும் இன்புளுவென்சாக் காய்ச்சலும்

முன்னுரை

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய் செய்யும் என்கின்றார். முடிக்குங்கால், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார். இக்கருத்துகள் மாற்றுறுப்புப் பெற்றோர்க்கு எத்துணைப் பொருந்துகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மிகுதியும் குறைவும்

1954-இல் போஸ்டன் நகரில் இரட்டையரிடையே சிறுநீரக மாற்று வெற்றி கண்டது. 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அது நிகழ்ந்தது. இன்று கோவை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

பிறர் உறுப்பை உடல் அயலானாகக் கருதித் தாக்கும். அதனைத் தடுக்க டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகள் நாள்தோறும் உட்கொள்ளப்படுகின்றன. இவற்றின் அளவு குறையின் உறுப்பு கெடும். மிகின் தொற்றுநோய் எளிதில் புகும். வள்ளுவர் கூறிய சமநிலை இங்கே உயிர்நிலையாகின்றது.

பிறரை ஒரு வாரம் வருத்தி நீங்கும் இன்புளுவென்சா, இவர்களிடம் நிமோனியாவாக முற்றக்கூடும். காய்ச்சல் கடுமையாகத் தோன்றாமலே நோய் வளர்தலும் உண்டு. வைரசும் உடலில் நெடுநாள் தங்கும். ஆகவே, 'வெறும் சளிதானே' என்று வாளாவிருத்தல் தகாது.

குன்னூர் காட்டும் உண்மை

1957-இல் ஆசியக் காய்ச்சல் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியே சென்னையை அடைந்து நாடெங்கும் பரவிற்று. நம் கோவைக்கு அண்மையிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளுவென்சா மையம் அதனை ஆராய்ந்தது. அது மாந்தர் முன்னறியாத புதுவகை வைரஸ். 2009-இல் மற்றொரு புதுவகை உலகைச் சுற்றிற்று. இவ்வைரஸ் சிறிது சிறிதாக ஆண்டுதோறும் உருமாறுவதாலேயே தடுப்பூசியும் ஆண்டுதோறும் தேவைப்படுகின்றது.

காக்கும் வழிகள்

செயலிழந்த வைரசால் ஆன ஊசியே இவர்களுக்கு ஏற்றது. உயிருள்ள வைரசைக் கொண்டு மூக்கில் தெளிக்கும் மருந்து ஆகாது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டிருப்பதால் ஊசியின் பயன் சற்றுக் குறையலாம். எனினும் நோயின் கடுமையை அது தணிக்கும். அறுவைக்கு முன்னரே இட்டுக்கொள்ளுதல் நன்று. பின்னர் இடும் காலத்தை மருத்துவரே முடிவு செய்வார்.

ஊசியின் பயன் குறையுமிடத்து, 'பேணுபவன்' மதிலாகின்றான். உடனுறையும் மனைவி, மக்கள், பெற்றோர் அனைவரும் ஊசி இட்டுக்கொண்டால் நோய் வீட்டினுள் புகும் வாய்ப்புக் குறையும்.

நோய் தோன்றின் ஓசல்டாமிவிர் மருந்தை இரு நாள்களுக்குள் தொடங்குதல் சிறப்பு. காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடுதலும் கூடாது. சிறுநீரகத்தின் திறனுக்கேற்ப அதன் அளவு மாறும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாற்றுறுப்புப் பெற்றோர்க்கு அது பேரிடர். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். எரித்ரோமைசின் போன்றவை டாக்ரோலிமஸின் அளவைக் குருதியில் மிகுவிக்கும். நாள்தோறும் உண்ணும் மருந்தைத் தாமே நிறுத்துதலும் கேடாகும்.

முடிவுரை

நோயுற்றாரைச் சென்று நலம் வினவுதல் நம் பண்பாடு. நமக்கே சளியும் இருமலும் இருப்பின், அன்று செல்லாமல் தொலைபேசியில் வினவுதலே உண்மையான அன்பாகும். ஒருவர் ஈந்த உறுப்பு மற்றொருவர் உடலில் வாழ்கின்றது. மாணவர்களே, அக்கொடையைக் காக்கும் கடமையில் நம் அனைவர்க்கும் பங்குண்டு என்பதை உணர்வோமாக!