அற்புதமும் அளவையும்

சைவ ஆசிரியர்களே,

பெரியபுராணத்து அற்புதங்களைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது நாம் ஒன்றை மறத்தலாகாது. அப்பாடம் வகுப்பறையோடு நில்லாது, லயத்துக்கும் செல்லும். இதனை யாம் அறிந்துகொண்ட விதத்தை முதலிற் கூறுவாம்.

யாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். நம்மவர் கூறும் அற்புதங்களைக் கேட்டு நகைக்க அங்கே பழகினோம். பின்னர், ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திற் படிப்பிக்கச் சென்ற புதிதில், மாணாக்கன் ஒருவன் காய்ச்சலாய்க் கிடந்தான். தந்தையார் திருநீறு பூசிக் கயிறு கட்டி, நோய் தீருமென்று காத்திருந்தார். "இது மூடத்தனம்" என்றோம். அவரோ, "கூன்பாண்டியனுடைய சுரத்தைச் சம்பந்தர் பூசிய திருநீறு தீர்த்ததென்று நீங்கள்தானே ஐயா படிப்பித்தீர்கள்?" என்றார். யாம் விடை கூறமாட்டாது மீண்டோம். மூன்று நாட் கழித்தே பிள்ளை வைத்தியசாலை சேர்ந்தான். உயிர் பிழைத்தான், வலச்செவி கேளாதாயிற்று. அக்குற்றத்திற் பாதி எம்முடையது.

அன்று கூறவேண்டிய விடை நமது சாத்திரத்திலேயே உண்டு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளை ஆராய்ந்து, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் காட்டினார். காட்சிதானும் ஐயந் திரிபு நீங்கியதாயிருத்தல் வேண்டும். உரை ஏனைய இரண்டையும் அழிக்க வந்ததன்று. சம்பந்தர் வரலாறு திருவருளின் பெருமையை உணர்த்துவது. வைத்தியனை விலக்குக என்று விதிப்பதன்று. இறைவனை வைத்தியநாதன் என வணங்கும் சமயம் வைத்தியத்தை இகழுமா? ஆதலின், திருநீற்றையும் பூசுக. பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்க.

இனி, கண்ணாற் கண்டதாகச் சொல்லப்படும் அற்புதத்தை ஆராயும் முறையைக் கூறுவாம். 1995 செப்டெம்பர் 21 இல், பிள்ளையார் திருவுருவங்கள் பால் பருகுகின்றன என்னும் செய்தி புதுடில்லியிலிருந்து பரவிற்று. இந்தியாவெங்கும், இலண்டனிலுங்கூட, மக்கள் பாலும் கரண்டியுமாய்க் கோயில்களில் நிரைநிரையாக நின்றனர். இந்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையினர் நிறங் கலந்த பாலை ஊட்டிப் பார்த்தனர். கரண்டியின் விளிம்பு திருவுருவத்தைத் தொட்டவுடன் பரப்பிழுவிசையினாற் பால் ஈர்க்கப்பட்டு, மெல்லிய படலமாய் அதன்மேல் வழிந்திறங்குவதை அந்நிறம் காட்டிக்கொடுத்தது.

இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். ஒரு கல்லைக் கழுவி நனைத்துவைத்து, மஞ்சள் கலந்த பாலைக் கரண்டி நிறைய எடுத்து, விளிம்பு கல்லைத் தொடும்படி சிறிது சாய்த்துப் பிடித்தல் வேண்டும். வழிந்தோடும் மஞ்சட் கோட்டைப் பிள்ளைகள் தாமே காண்பர். கோயிலிலுள்ள திருவுருவத்தில் இதனைச் செய்யற்க. அன்று பாலூட்டியவர்களைப் பொய்யர் என்றும் சொல்லற்க. பால் குறைந்ததைக் கண்டது மெய். பிள்ளையார் பருகினார் என்று கருதியதே பிழை. காண்டலுக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பிக்க இதனினும் எளிய உதாரணம் இல்லை.

இவ்வாறு சோதித்தற்கு இடந்தராதனவும் உள. நுவரெலியாவை அடுத்த சீதா எலியாவில், சீதை அம்மன் கோயிலருகே ஆற்றோரப் பாறையிலுள்ள குழிகளை அனுமாருடைய அடிச்சுவடுகள் என்று மக்கள் வணங்குவர். அவ்வணக்கத்தால் எவர்க்கும் கேடில்லை. "இது நம்மவர் வழிவழியாகப் போற்றிவருவது" என்று சொல்லி அமைக. அங்கே நகைத்தலும் வேண்டா. அதனைச் சரித்திரச் சான்றாக நிறுவுதலும் வேண்டா.

பிள்ளையொருவன் ஓர் அற்புதத்தைச் சொல்லிக்கொண்டு வந்தால், அவனை மூன்று வினாக்கள் வினவுக. நீ கண்டாயா, பிறர் சொல்லக் கேட்டாயா? கண்டதற்கு வேறு காரணம் உண்டா? அதனை நம்பி எவரேனும் செய்யவேண்டியதைச் செய்யாது விடுகின்றனரா?

மூன்றாம் வினாவுக்கு விடை "ஆம்" எனின், பாடத்தை நிறுத்திவிட்டு அன்றே அவ்வீட்டுக்குச் செல்க. நகையாது செல்க.