ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தச் சொன்னால்

பழைய மகாபலிபுரம் சாலையில், பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத இடங்களில் எழும்பியிருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே ஒரு எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்றில் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது இன்னொன்றில் இருக்கிறேன். நீங்களும் இதே வேலையில், இதே பேஸ்மென்டில், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பார் ஸ்கிரீனில் சிக்கியதை வாரிப் போடுவது, பம்ப்புகளை மாற்றி மாற்றி ஓட்டுவது, சாண்ட் ஃபில்டர் பேக்வாஷ், ஹைப்போ கலப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். சொல்ல வேண்டியது, தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயரைப் பற்றி.

அசோசியேஷனில் புதுக் கமிட்டி வந்தது. கரன்ட் பில்லைப் பார்த்தார்கள். செயலாளர் கீழே இறங்கி வந்து, "ராத்திரி பத்து மணிக்கு மேல யாருப்பா தண்ணி புழங்குறாங்க? ப்ளோயரை நிறுத்திட்டுக் காலையில ஆறு மணிக்குப் போடு" என்றார். "சார், உள்ள இருக்கிறது உயிரு. காத்து இல்லன்னா செத்துடும்" என்றேன். "எட்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. நான் இன்ஜினியர், எனக்குத் தெரியும்" என்றார். அவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

கணக்கு அவர் பக்கம் இருந்ததை மறுக்கவில்லை. பத்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏழரை யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 60 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 14,400 ரூபாய். கமிட்டிக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கக்கூடிய தொகை.

ஆனால் இந்த முறையின் அடிப்படையே காற்றுதான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் சாக்கடை நீருக்குள் காற்றை ஊதி, அடியில் தங்கிய சகதியைக் கொட்டாமல் அடுத்த தண்ணீருக்கும் அதையே பயன்படுத்திப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் இழுத்த சுத்திகரிப்பு ஒரு நாளுக்குள் வந்தது. அந்தச் சகதியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நம் பிளான்ட். பம்ப்பும் பைப்பும் அவற்றுக்குச் சோறு கொண்டுவந்து போடுகின்றன, அவ்வளவுதான். ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். ப்ளோயர் நின்றால் இருப்பதும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதோடு சகதி அடியில் படிந்து, காற்று வெளிவரும் டிஃப்யூசர் துளைகளை மூடிக்கொள்ளும். காலையில் ப்ளோயரைப் போட்டால் ஒரு மூலையில் குபுகுபுவென்று பொங்கும், எதிர் மூலை அசையாமல் கிடக்கும். ஆறிலிருந்து ஒன்பது மணி வரை குளியலும் சமையலும் துணி துவைப்பதுமாக வீடுகளிலிருந்து மொத்தத் தண்ணீரும் இறங்கும் நேரம் அது. ராத்திரி முழுக்க மூச்சு முட்டிக் கிடந்த உயிர்களின் தலையில் அதைக் கொட்டுகிறோம்.

நான் அன்றாடம் ஒரு லிட்டர் ஜாரில் ஏரேஷன் டேங்க் தண்ணீர் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, சகதி எதுவரை இறங்குகிறது என்று எழுதுகிறவன். நல்ல நாளில் 300, 350 மில்லியில் நிற்கும். மேலே தெளிந்த நீர், கீழே பழுப்பு நிறம், மழை நனைத்த மண் வாசனை. ப்ளோயரை நிறுத்த ஆரம்பித்த பிறகு 500 ஆனது, 700 ஆனது, கடைசியில் ஜாரில் சகதி இறங்கவே மறுத்தது. காற்றுப் பற்றாக்குறையில் நூல் போன்ற பாக்டீரியாக்கள் பெருகினால் சகதி பஞ்சுபோல் உப்பிவிடும். செட்லிங் டேங்கில் தங்காமல் தண்ணீரோடு வழிந்தது. ஃபில்டர் அடைத்தது. சுத்திகரித்த நீர் போகும் கழிப்பறை ஃப்ளஷ்ஷில் கறுப்புத் தண்ணீர் வந்தது. பத்தாவது மாடியிலிருந்து முதல் போன். அன்று சாயங்காலமே "ஆபரேட்டர் சரியில்லை" என்று முடிவாகிவிட்டது.

பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தார். ஜாரைப் பார்க்கவில்லை, லாக் புக்கைத் திறக்கவில்லை. கல்ச்சர் பவுடர் போட வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்தார். போட்டார்கள். காற்றில்லாத தொட்டியில் புது பாக்டீரியாவைப் போட்டு என்ன ஆகும்? அதுவும் சாகும். உங்களிடம் யாராவது பவுடர் விற்க வந்தால், முதலில் டேங்கில் ஆக்சிஜன் அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் கொண்டுவராதவரிடம் பவுடர் வாங்க வேண்டாம் என்று கமிட்டியிடம் நேராகச் சொல்லுங்கள்.

நாற்றத்தை மட்டும் சொன்னால் பாதி கதைதான். காற்றில்லாத கழிவுநீர் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். அந்த நாட்களில் கலெக்‌ஷன் டேங்கில் பம்ப்பில் துணி சிக்கியது. மேனேஜர், "அஞ்சு நிமிஷ வேலை, இறங்கி எடுத்துடு" என்றார். இறங்க மாட்டேன் என்றேன். அவர் குரலை உயர்த்தினார், சம்பளத்தைப் பிடிப்பேன் என்றார். சங்கிலியைக் கொண்டுவந்து பம்ப்பையே மேலே தூக்கித் துணியை எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, ஆகட்டும்.

இதில் மட்டும் யாருக்காகவும் இறங்கி வராதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இவற்றைத் தாளில் எழுதிப் பேனல் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்கிறவரும் சாகிறார். கூட வேலை பார்க்கும் தம்பிக்கு இதைத்தான் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கடைசியில் டிஃப்யூசர்களை மாற்றி, வேறொரு பிளான்டிலிருந்து லாரியில் நல்ல சகதி வாங்கி ஊற்றி, ப்ளோயரை இரவு பகலாக ஓட்டியதும்தான் பிளான்ட் தேறியது. மிச்சம் பிடித்த கரன்ட் காசு அந்தச் செலவில் கால்வாசிக்கும் காணாது. செயலாளர் என் முன்னாலேயே, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். லாக் புக்கை எடுத்துவந்து நீட்டினேன். ப்ளோயர் நிறுத்திய நேரம், போட்ட நேரம், யார் சொல்லி நிறுத்தினேன் என்பது, ஜார் அளவு எல்லாம் தேதிவாரியாக இருந்தது. படித்துவிட்டு மூடினார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நானே வெளியேறினேன். இருந்திருக்கலாம் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். நான் செய்தது சரிதான்.

கரன்ட் மிச்சம் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ப்ளோயருக்கு வேகத்தைக் குறைக்கும் டிரைவ் போட்டு, ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்து இரவில் வேகத்தைத் தணிக்கலாம். அதற்குக் காசில்லை என்றால் இடையிடையே கொஞ்ச நேரம் நிறுத்தலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

புது இடத்தில் சேரும்போது சாவியை வாங்கும் முன் ஜாரில் தண்ணீர் பிடியுங்கள். அளவையும் நிறத்தையும் போட்டோ எடுத்து, லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதி, மேனேஜரின் கையெழுத்தை வாங்குங்கள். ப்ளோயரை நிறுத்தச் சொன்னால், வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் நான் அப்படிக் கேட்டேன். எழுதி அனுப்ப யாரும் முன்வரவில்லை, ப்ளோயர் ஓடுகிறது.