மழைமானிக்குக் கோட் எழுதும் பிள்ளைகளுக்கு

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. இன்னொரு மண்சரிவுக்கு முன்பே மழையைப் பார்த்து விழித்துக்கொள்ள, லயத்தருகே சொந்தமாக ஒரு மழைமானி நட்டு, ஈஎஸ்பி32 போர்டில் வைஃபை வழியாக அளவை அனுப்பப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்:

1. பங்ஷன் திருப்பித் தரும் விடையை வாங்காமல் விடாதீர்கள். சி மொழி உங்களைக் கண்டிக்காது.

2. பிழை வந்தால் சைபர் அனுப்பவே கூடாது. சென்சர் செத்ததற்கும் மழை விட்டதற்கும் ஒரே சைபர் போனால், பார்ப்பவருக்கு வானம் வெளுத்ததாகத்தான் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரம் பொய்ச் சைபர் விழுந்தாலே அந்தக் கூட்டுத்தொகை கெட்டுவிடும். ‘அளவு கிடைக்கவில்லை’ என்பதற்குத் தனிக் குறி வையுங்கள்.

3. நெட்வொர்க் டிரைவர்கள் பெரும்பாலும் தோல்வியைக் கழித்தல் எண்ணாகத்தான் சொல்லும். அதைக் குறியில்லாத 16 பிட் மாறியில் போட்டால் -1 என்பது 65535 ஆகிவிடும். ‘சைபரை விடக் குறைவா?’ என்ற கேள்விக்கு ஒருநாளும் ‘ஆம்’ வராது. லினக்ஸ் டிரைவர்களிலேயே இதே பிழைக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது, வெட்கப்பட வேண்டாம்.

4. எல்லா விடையையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். ஈஎஸ்பி32இல் வைஃபையைத் தொடக்கும் பங்ஷன் சைபர் தந்தால் வெற்றி. டிசிபி சொக்கெட்டில் வாசிக்கும்போது சைபர் வந்தால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது. அனுப்பும்போது வருவது போன பைட்டின் எண்ணிக்கை: 40 கொடுத்து 25 என்று வந்தால் மீதி 15ஐ நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும். 40 என்றே வந்தாலும் அது உங்கள் போர்டின் வரிசையில் சேர்ந்ததற்குத்தான் சாட்சி. சேர்வரின் பதில் வந்தபின்தான் போய்ச் சேர்ந்ததென்று எழுதுங்கள்.

5. தோற்றதும் ஓயாமல் முயன்றால் பெட்டரிதான் தீரும். 1, 2, 4 செக்கன் என்று இடைவெளியைக் கூட்டுங்கள். அனுப்ப முடியாத அளவை நேரத்தோடு பிளாஷில் எழுதி வையுங்கள்.

6. மழைக்காலத்துக்கு முன்பே ரவுட்டரை அணைத்துவிட்டு மானியில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அப்போதும் திரையில் ‘அனுப்பியாயிற்று’ என்று வந்தால் ஏதோ ஒரு விடையைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

7. பெட்டி என்ன சொன்னாலும், சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று இவற்றில் எதையாவது கண்டால் உடனே வெளியேறி அனர்த்த அவசர எண்ணான 117க்கு அழையுங்கள்.