எண்ணெய் முழுக்கும் பொடுகும்

தமிழ் மக்களின் வாழ்வில் எண்ணெய் பெற்றுள்ள இடம் பெரிது. எள்ளின் நெய் என்னும் பொருளிற் பிறந்த இச்சொல், நாளடைவில் தேங்காய், ஆமணக்கு, வேம்பு, நிலக்கடலை ஆகிய எல்லாவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராய் விரிந்தது. அதன்பின் எள்ளின் நெய்யைப் பிரித்துக் காட்டுதற்கு "நல்லெண்ணெய்" என்று வேறொரு பெயர் வேண்டியதாயிற்று. குழந்தையின் உச்சியில் வைப்பதும் எண்ணெய். தீபாவளி விடியலில் தலையில் தேய்ப்பதும் எண்ணெய். சனியும் புதனும் ஆடவர்க்கும், செவ்வாயும் வெள்ளியும் மகளிர்க்கும் எண்ணெய் முழுக்கு நாள் என வகுத்ததும் நம் வழக்கமே. இத்துணைச் சிறப்புடைய எண்ணெய், தலையிற் பொடுகைப் போக்குமா, அன்றி வளர்க்குமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இது வீண் வினா அன்று. புதுவையைச் சார்ந்த பண்டசோழநல்லூர் போன்ற சிற்றூர்களில், ஒரு பிள்ளையின் தலையில் வெண்பொடி கண்டால் வீட்டார் முதலில் நாடுவது எண்ணெய்க் கிண்ணத்தையே. பொடி மீண்டும் உதிர்ந்தால் மீண்டும் எண்ணெய். தணியாவிடில் இன்னும் மிகுதியாய் எண்ணெய். இதனால் நலம் பெறுவோரும் உளர். நோய் முற்றி மயிரிழப்போரும் உளர். இவ்விரண்டிற்கும் காரணம் யாது என்பதை முறையே காண்போம்.

பொடுகின் இயல்பு

நம் தோலின் மேற்புறம் நாடோறும் தேய்ந்து உதிர்ந்துகொண்டேயிருக்கிறது. அடியிலிருந்து புதுத்தோல் எழுந்து அவ்விடத்தை நிரப்புகிறது. உதிர்வன கண்ணுக்குப் புலனாகா நுண்துகளாதலின் நாம் அதனை அறிவதில்லை. தலைத்தோலில் இச்செயல் விரைவுற்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செதிளாய் உதிர்வதே பொடுகு.

இவ்விரைவுக்குக் காரணமானவற்றுள் தலையாயது ஒரு நுண்ணிய பூஞ்சை. மலசே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1874-ஆம் ஆண்டில் இதனைச் செதிள்களிடையே கண்டு விளக்கினார். அவர் பெயராலேயே இஃது இன்று மலசீசியா எனப்படுகிறது. மயிர்க்கால்களை அடுத்த சுரப்பிகள் ஒருவகை நெய்ப்பசையைச் சுரக்கின்றன. இப்பூஞ்சை அந்நெய்யைச் சிதைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களை உட்கொண்டு, ஒலீயிக் அமிலம் முதலியவற்றை எச்சமாய் விட்டுவிடுகிறது. அவ்வெச்சம் சிலர் தோலை உறுத்துகிறது. உறுத்தப்பட்ட தோல் விரைந்து உதிர்கிறது. பூஞ்சையோ நோயில்லாதார் தலையிலும் உளது. ஆதலின் பொடுகு தூய்மையின்மைக்குச் சான்றன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தாவுவதுமன்று. பொடுகுடையாரை எள்ளி நகையாடுதல் அறியாமையேயாம்.

மற்றொரு குறிப்பையும் ஈண்டு மனத்திற் கொள்க. அந்நெய்ச் சுரப்பிகள் மிகுதியாய்த் தொழிற்படத் தொடங்குவது பூப்புப் பருவத்திலேயாம். எனவே பொடுகு இளமைப் பருவத்தார்க்கு மிகுதி. ஐந்து முதல் பத்து அகவை வரையுள்ள சிறார்க்குக் குறைவு. இதன் பயன் பின்னர் விளங்கும்.

எண்ணெய் செய்வதும் செய்யாததும்

தலை என்னும்போது நாம் இரண்டு பொருள்களை ஒன்றாய்க் கருதி மயங்குகிறோம். மயிர் வேறு, மயிர் முளைக்கும் தோல் வேறு. மயிருக்கு எண்ணெய் நல்லது என்பதில் ஐயமில்லை. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் மும்பை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் ஒன்றே மயிரின் புரத இழப்பைக் குறைத்ததாகக் கண்டனர். அதிலுள்ள லாரிக் அமிலம் மயிரினுட் புகவல்லது என்பது அவர்கள் கூறிய காரணம்.

தோலின் நிலையோ வேறு. எண்ணெய் செதிள்களை நனைத்து மென்மையாக்கும். அவை எளிதிற் பெயரும். இது நன்மையே. ஆனால் எண்ணெயிட்ட தலையிற் பொடி பறவாமையால் பொடுகு நீங்கிற்று என்று கருதுவது பிழை. அது நீங்கவில்லை, ஒட்டிக் கிடக்கிறது. மேலும் மலசீசியா தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலற்றது. ஆய்வுக்கூடத்தில் இதனை வளர்ப்போர் ஒலிவ எண்ணெய் போன்றவற்றை இட்டே வளர்க்கின்றனர். அங்ஙனமாயின், கழுவாது நாட்கணக்கில் தலையில் விடப்பட்ட எண்ணெய் அதற்கு விருந்தாதல் வியப்பன்று.

அற்றேல் நம் முன்னோர் வழக்கம் பிழையோ எனின், அன்று. அவர்கள் எண்ணெய் தேய்த்ததோடு நின்றாரல்லர். எண்ணெய் முழுக்குக்கு வெந்நீர் வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதியின் கருத்து. சீயக்காயும் அரப்பும் இட்டுத் தேய்த்து நுரையெழக் கழுவுதல் முழுக்கின் மறுபாதி. சீயக்காயிலுள்ள சபோனின் என்னும் பொருள் நெய்ப்பசையைப் பற்றி நீரோடு இழுத்துச் செல்வது. எண்ணெய் செதிளை இளக்க, சீயக்காய் செதிளையும் நெய்யையும் ஒருங்கே அகற்றியது. "முழுக்கு" என்ற சொல்லே நீரைக் குறிப்பதன்றி எண்ணெயைக் குறிப்பதன்று. இக்காலத்தே பலர் நாடோறும் எண்ணெய் தடவுவதை விடாது, தலை முழுகுவதை மட்டும் விட்டனர். ஒரு வழக்கத்தின் ஒரு பாதியைப் போற்றி மறுபாதியைக் கைவிட்டதன் விளைவே பெரும்பாலும் நாம் காண்பது.

ஆப்பிரிக்கக் கூந்தல் தரும் பாடம்

இவ்வுண்மை மயிரின் வடிவு மாறினும் மாறாது என்பதற்கு ஆப்பிரிக்க மரபினரின் கூந்தல் தக்க சான்று. அவர்கள் நமக்கு முற்றும் அயலார் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவைத் துறையினின்றும் காரைக்கால் துறையினின்றும் தமிழர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாய் ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினர். அங்கே ஆப்பிரிக்க மரபினரோடு ஒரே தோட்டங்களில் உழைத்தனர். மார்த்தினீக், குவாதலூப் மக்கள் கூந்தலுக்கு இடும் எண்ணெய் யாதென வினவின், நாம் நன்கறிந்த விளக்கெண்ணெயே. அதனை அவர்கள் "கரபாத்" என்பர். ஜமைக்காத் தீவினர் ஆமணக்கு விதையை வறுத்து இடித்துக் காய்ச்சிக் கரிய எண்ணெய் வடிக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்க மகளிர் ஷியா மரத்துக் கொட்டையினின்று நெய் எடுத்துப் பூசுகின்றனர்.

அக்கூந்தல் சுருள்சுருளாய் வளர்வது. நேர்மயிரில் தலைத்தோலின் நெய்ப்பசை நுனிவரை எளிதிற் பரவும். சுருள்மயிரிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்படும். எனவே வேர்ப்புறத்தே நெய் தேங்க, நுனி வறண்டு ஒடியும். அடிக்கடி கழுவினால் வறட்சி மிகும். கழுவாதுவிட்டாற் பொடுகு மிகும். இந்த இருதலைக் கொள்ளிக்குத் தோல் மருத்துவர் கூறும் வழி எளியது: வாரம் ஒருமுறை பொடுகு மருந்தைத் தலைத்தோலில் மட்டும் இட்டுக் கழுவுக, எண்ணெயை மயிர்த் தண்டிலும் நுனியிலும் மட்டும் பூசுக. தோலுக்கு மருந்து, மயிருக்கு நெய் என்பதே இதன் சுருக்கம்.

இதனை நெடுநாளைக்கு முன்பே தம் மக்களிடையே பரப்பினார் ஒரு பெண்மணி. 1867-இல் அமெரிக்காவில், அடிமைத்தளையினின்றும் விடுபட்ட பெற்றோர்க்குப் பிறந்த சாரா பிரீட்லவ் என்பார், பின்னர் மேடம் வாக்கர் எனப் புகழ்பெற்றார். தலைத்தோல் நோயால் தம் மயிர் உதிரக் கண்ட அவர், கந்தகம் சேர்ந்த களிம்பொன்றை விற்றதோடு, தலையை அடிக்கடி கழுவுமாறும் கருநிற மகளிர்க்குக் கற்பித்தார். செதிளை அகற்றும் தன்மை கந்தகத்திற்கு உண்டென்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

செய்யத்தக்கன

எளிய பொடுகாயின், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ தலையில் இட்டு, ஓரிரு நாழிகை கழித்துச் சீயக்காயாலோ சாம்புவாலோ நன்கு கழுவுக. இரவு முழுதும் விடவேண்டுவதில்லை. வயல் வரப்புகளில் படரும் பொடுதலைக் கீரை, பொடுகுக்கு மருந்தென்ற வழக்கைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அதன் சாற்றை எண்ணெயிற் காய்ச்சித் தேய்ப்பது சித்த மருத்துவ மரபு. அதனையும் கழுவாது விடலாகாது. வேப்பெண்ணெயைச் சிறிதளவு பிற எண்ணெயோடு கலந்தே பூசுக. குழந்தைகட்கு வாயிற் புகட்டுதல் கூடவே கூடாது. அதனால் உயிர்க்கேடு நேர்ந்ததுண்டு. எலுமிச்சஞ்சாறு உறுத்தப்பட்ட தோலை மேலும் எரிக்கும்.

இவற்றால் தணியாவிடில் கீட்டோகொனசோல் கலந்த சாம்புவை வாரம் இருமுறை, சில வாரங்கள் இடுக. இட்டவுடன் கழுவாது ஐந்து நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். ஒருகாலத்தில் சாம்பு செல்வர்க்கே உரியதாயிருந்தது. நமக்கு அண்மையிலுள்ள கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பார் அதனைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் முறையைக் கண்டபின், சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் கிடைப்பதாயிற்று. ஆனால் அவ்வுறைகள் எல்லாம் மருந்துடையன அல்ல. உறைமேல் எழுதியிருப்பதைப் படித்தே வாங்குக.

பொடுகு போன்று தோன்றும் பிறிதொரு நோய்

முடிவாக, பெற்றோரும் ஆசிரியரும் மறவாதிருக்கவேண்டியது ஒன்றுண்டு. பூப்பெய்தாச் சிறாரின் தலையிற் செதிள் கண்டால், அது பொடுகென்று துணிதல் தகாது. வட்டமாய்ச் செதிள் படர்ந்து, அவ்விடத்து மயிர் அடியோடு ஒடிந்து, கழுத்தில் நெறி கட்டியிருப்பின், அது பெரும்பாலும் தலைப்படர்தாமரை. இது வேறொரு பூஞ்சையின் செயல். மயிரினுட் புகுந்து வாழ்வது. சீப்பாலும் தொப்பியாலும் தலையணையாலும் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவது. மேலே பூசும் எண்ணெயோ களிம்போ அதனைத் தீர்க்கா. கிரைசியோபல்வின் போன்ற மருந்தை மருத்துவர் சொற்படி வாரக்கணக்கில் உட்கொண்டாலன்றித் தீராது. எண்ணெயை நம்பிக் காலந்தாழ்த்தினால் சீழ்க்கட்டியாகித் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் மயிர் மீள முளையாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுதலால் காக்கக்கூடியதை, கிண்ணம் கிண்ணமாய் எண்ணெய் வார்த்து இழக்கலாமோ? மேல்மருத்துவம் வேண்டுமாயின், புதுவை ஜிப்மரில் தோல்நோய்க்குத் தனிப்பிரிவும் உளது.

ஆகவே மாணவ அன்பர்காள்! எண்ணெயைப் பழிப்பதும் வேண்டா. அதனை எல்லாப் பிணிக்கும் மருந்தென எண்ணுவதும் வேண்டா. மயிருக்கு அது துணை, செதிளை இளக்குதற்குக் கருவி, கழுவாது விட்டாற் பூஞ்சைக்கு இரை, படர்தாமரைக்கோ பயனற்றது. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இந்நான்கையும் நம் தாய்மார்க்கும் தமக்கையர்க்கும் எடுத்துரைப்போமாயின், நாம் கற்றது ஓரிரு குழந்தைகளின் தலையையேனும் காத்ததாகும்.